கீழ்வீட்டுக்குப் போன ஸ்வெட்டர்

காவேரியின் கட்டிலுக்கு அடியில் பாதிப் பின்னலோடு நான்கு துணிப்பைகள் இருந்தன. ஒன்றில் மாமியார் வடிவுக்குச் சால்வை. இன்னொன்றில் நாத்தனார் அஷ்வினிக்குக் கையில்லாத கோட்டு. மூன்றாவதில் அஷ்வினி வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர். நான்காவதில் கணவன் பிரசாந்துக்குக் குல்லா. குல்லாவை அவன் கேட்கவில்லை. அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவே வாயைத் திறக்கிற பழக்கம் இல்லாததால் அவன் எதையுமே கேட்பதில்லை.

ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் வேலை பார்த்த கம்பெனி லீவு கொடுத்த மறுநாளே, "ஊட்டுல சும்மாதான இருக்கப்போற அம்மிணி" என்று வடிவு உல்லன் நூலைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். சும்மா இருப்பதாம்! இடுப்பு ஒரு பக்கம் இழுக்க, கால் இரண்டும் வீங்கிக் கிடக்க, வயிற்றுக்கு மேலே ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்குப் பெயர் அந்த வீட்டில் சும்மா இருப்பது. வளைகாப்பு முடிந்து கொள்ளேகாலுக்குத் தாய்வீட்டுக்குக் கிளம்புவதற்குள் எல்லாமே முடிந்தாக வேண்டும். அஷ்வினியோ பெங்களூரில் இருந்துகொண்டு தினம் ஒரு படம் அனுப்புவாள். நேற்று கழுத்து வட்டமாக வேண்டும் என்றவள் இன்று சதுரமாக வேண்டும் என்பாள். காவேரி பிரிப்பாள், மறுபடி பின்னுவாள், பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது பையில் இல்லை. பழைய சுடிதாருக்குள் சுருட்டி, பீரோவில் துணிகளுக்குப் பின்னால் இருந்தது. எலுமிச்சை மஞ்சளில் ஓர் உள்ளங்கை அகல ஸ்வெட்டர். அது அவள் குழந்தைக்கு.

அதை ஒளித்து வைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் வடிவு போட்ட சட்டம்.

"பொறக்கறதுக்கு முன்னால புதுசா எதையும் பண்ணப்படாது, வாங்கப்படாது. உன்ற மாமனாரோட பழைய வேட்டியக் கிழிச்சு மடிச்சு வச்சிருக்கறேன். பழசுதான் ஆகும். பேரு வச்சப்புறம் நீ என்ன வேணாலும் பண்ணிக்க."

காவேரி வீட்டிலும் இதே வழக்கம்தான். அவள் அம்மாவும் போனில் இதையேதான் சொன்னாள். ஆனால் குழந்தை மார்கழிக் குளிரில் பிறக்கப்போகிறது. குளிர்கூட இரண்டாவது விஷயம். இந்தக் குடும்பத்தில் இருக்கிற அத்தனை பேர் உடம்பிலும் அவள் கைவேலை ஏறப்போகிறது. பெங்களூரில் இருக்கிற, அவளிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசியிராத நாத்தனார் புருஷனுக்குக்கூட. வயிற்றுக்குள் இருக்கிற ஒன்றுக்கு மட்டும் கிழிந்த வேட்டியா? அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு மத்தியானம் வடிவு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டாள். மஞ்சள் ஸ்வெட்டரின் கை ஒன்று ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது யாருக்கு?"

காவேரிக்கு வாயில் வந்தது கீழ்வீடுதான். கீழே வீட்டுக்கார மல்லம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "மல்லம்மா பேத்திக்குங்க அத்தை. பொறந்து பத்து நாளாச்சுங்களே."

வடிவு அந்தக் கையைத் தன் இரண்டு விரலில் மாட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குது. முடிச்சுப்போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒளிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கூடத்திலேயே உட்கார்ந்து பின்னினாள். வடிவும் தினம், "கீழ்வூட்டு வேலை எந்த மட்டுல இருக்குது?" என்று அக்கறையாகக் கேட்டாள். மாமியார் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டோம் என்று காவேரிக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தை மூன்று தடவை பிரித்துப் போட்டாள். வாத்து உருவத்தில் மூன்று பொத்தான் தைத்தாள். கொள்ளேகாலுக்குப் போகிற பெட்டியின் அடியில் அதை வைத்த அன்று, பிள்ளை உள்ளே ஓர் உதை விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தோடு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கீழே பெயர் சூட்டு விழா. மாடிப்படி ஏறப்போனவளை மல்லம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தொட்டிலில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை தூங்கியது. மூன்று வாத்தும் வரிசையாக இருந்தன.

"தும்பா சென்னாகிதெ! ரொம்ப நல்லாருக்குது!" என்றாள் மல்லம்மா, கண்ணில் நீர் வர. "உன் அத்தெ காலையிலயே கொண்டு வந்து குடுத்துச்சு. எம் பேத்திக்குன்னே நீ பண்ணினியாமே?"

காவேரி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது?

மேலே வடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்பொட்டியத் தொறந்தீங்களா அத்தை?"

"கீழ்வூட்டுக்குன்னு நீதான சொன்ன? விசேஷத்துக்குக் குடுக்காம எப்பக் குடுக்கறது?" வடிவு நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தாள். "இல்ல, வேற யாருக்காச்சும் பண்ணுனியா?"

முதல் நாளே, அந்தக் கையை விரலில் மாட்டிப் பார்த்தபோதே இவளுக்குத் தெரியும் என்பது காவேரிக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்தே முடிக்க விட்டிருக்கிறாள். தெரிந்தே தினம் விசாரித்திருக்கிறாள். 'என் பிள்ளைக்கு' என்பது வாய் வரை வந்தது. சொன்னால் பொய் சொன்னவள், வழக்கத்தை மீறினவள், பிள்ளைக்கு ஆகாததைச் செய்தவள் என்று மூன்று பட்டமும் சேர்ந்து வரும். "இல்லீங்க" என்றாள்.

"விடு காவேரி, இன்னொண்ணு பின்னிக்கலாம்" என்றான் பிரசாந்த், போனைப் பார்த்தபடி. நூல் ஏது? கடைக்கு அவளை இனி அனுப்ப மாட்டார்கள். அவன் வாங்கி வந்தால் அம்மா கேட்பாள். அம்மா கேட்டால் அவன் உளறுவான்.

காவேரி நான்கு பைகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வெறி பிடித்தவள்போல முடித்தாள். காப்பிப்பொடி நிறச் சால்வையை முதலில் முடித்தாள். வடிவு அதைக் கழற்றவே இல்லை. பால் வாங்கப் போனாலும் சால்வை, கோயிலுக்குப் போனாலும் சால்வை. "என்ற மருமக பின்னுனது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெருமையைக் கேட்கக் கேட்கக் காவேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளைகாப்பு அன்று மழை. கொள்ளேகாலில் இருந்து வேனில் சொந்தமும், பெங்களூரில் இருந்து அஷ்வினியும் வந்து இறங்கினார்கள். கூடம் நிறைய பெண்கள். மல்லம்மாவும் பேத்தியோடு வந்திருந்தாள். பேத்தி மஞ்சள் ஸ்வெட்டரில் இருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு காவேரி மணையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலைக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு வடிவு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். சால்வையின் ஒரு மூலை காவேரியின் மடியில் விழுந்தது.

அது அவள் கடைசியாக முடித்த மூலை. அந்த முடிச்சு இருக்கும் இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். நூலைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு வரிசை அவிழ்ந்தது. இன்னொன்று. இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் வளையல்கள் குலுங்கின. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" என்று அஷ்வினி கத்தினாள்.

வடிவு சால்வையைப் பிடித்தாள். அவிழ்வது நிற்கவில்லை. சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். "கீழ்வூட்டுக் குழந்தைக்கு இன்னொண்ணு பின்னப் போறாளாமா. அப்பிடித்தான அம்மிணி?"

தலையை ஆட்டினால் போதும், எல்லாரும் சிரித்துக்கொண்டே பாட்டைத் தொடர்வார்கள். காவேரி மல்லம்மாவின் மடியில் இருந்த வாத்துகளைப் பார்த்தாள்.

"இல்லீங்க அத்தை" என்றாள், கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. "என்ற குழந்தைக்கு. அதுவும் என்ற குழந்தைக்குத்தான் பண்ணுனேன். நீங்க தெரிஞ்சேதான் தூக்கிக் குடுத்தீங்க."

"பொறக்கறதுக்கு முன்னால..."

"புதுசுதானுங்களே ஆகாது? இது நீங்க பதினஞ்சு நாளாப் போத்திப் பழசாக்குனது."

பிரசாந்த் வாசல்படியில் நின்று தரையைப் பார்த்தான். சால்வை வடிவின் தோளைத் தாண்டி அவிழ்ந்துகொண்டிருந்தது. காவேரி நூலை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் அவுத்துப்போட்டா எனக்குக் குளுருமே" என்றாள் வடிவு. குரல் சிறுத்துப்போயிருந்தது.

காவேரி நிறுத்தவில்லை.

"மாமா வேட்டி கிழிச்சு மடிச்சு வச்சிருக்கறீங்களே அத்தை" என்றாள். "அதப் போத்திக்குங்க."