வடிவு விட்டுவந்த சரணம்

இறந்து கிடந்த அம்மாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த இசபெல்லா, வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் பாதியில் விட்டு எழுந்தாள். நெற்றி நிறைய விபூதி, கையில் ரோஜா மாலை. யாரும் சொல்லவே வேண்டாம். அம்மாவின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது. எட்டயபுரத்து மாமா, நாகஸ்வரம் இசக்கியப்பன்.

தங்கச்சி சண்முகவடிவு, கொழும்பில் பிறந்த தோணிக்காரன் செபாஸ்டினோடு போய் கிறிஸ்தவ வேதத்திலும் சேர்ந்துவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன். எமர்ஜென்சி வந்தது, போனது, இவர் வரவில்லை. செத்த பிறகு வந்து நிற்கிறார்! ஆனாலும் இவரை விட்டால் இசபெல்லாவுக்கு வேறு ஆளில்லை.

விஷயம் இதுதான். தாத்தா ஆனந்தபைரவியில் கட்டிய கீர்த்தனையை மாமாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அம்மா அடுப்படியில் இருந்தே கேட்டுப் பிடித்துக்கொண்டாள். பல்லவியும் அனுபல்லவியும்தான். சரணம் தொடங்குவதற்குள் வீட்டை விட்டு வந்துவிட்டாள். மாதா கோயில் பாடற்குழுவில் வயலின் கற்ற இசபெல்லா, அந்தப் பாதியோடு அப்பாவின் கொழும்பு பைலா ஆட்டப்பாட்டு மெட்டை ஒட்டுப்போட்டு வாசித்தாள். கல்யாண வீடுகளில் அதைத்தான் கேட்டார்கள். கோயில் பாட்டு வாத்தியாரோ, "ரெண்டுங்கெட்டான் வாசிப்பு" என்று தலையில் அடித்துக்கொள்வார். அந்தச் சொல் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அசல் சரணம் கிடைத்துவிட்டால் தன் வாசிப்பு முழுசாகிவிடும், தானும் ஏதோ ஒன்றாகிவிடலாம் என்று நம்பினாள்.

மாமா மாலையைப் போட்டார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவை ஏறிட்டும் பார்க்காமல் கொல்லைப்புறம் போய் நின்றார். இசபெல்லா வயலினோடு பின்னாலேயே போனாள். இழவு வீட்டில் வயலின் பெட்டியைத் திறக்கிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்!

"மாமா, தாத்தா பாட்டு. சரணம் வேணும்."

"இன்னைக்கா கேக்க?"

"இன்னைக்கு விட்டா பெறவு வருவியளா?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சரணத்தைப் பாடினார். நின்றபடியே, வயலினை மோவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு இசபெல்லா பின்தொடர்ந்தாள். இரண்டாம் தடவையில் விரலில் உட்கார்ந்துவிட்டது. நெஞ்சு நிறையும் என்று பார்த்தால், வீடு மாறி நுழைந்துவிட்டதுபோல் பதறியது. இதில் அப்பா இல்லை. அம்மாவும் இல்லை. வில்லை இறக்கிவிட்டாள்.

"ஏம்ளா நிறுத்திட்ட? நல்லாத்தான வருது."

"அம்மாவுக்கு இது தெரியாது மாமா."

"அப்போ மீதிக்கு என்னத்த வாசிப்ப?"

"அப்பா பாட்டு. கொழும்புல ஆடுத பாட்டு. சிரிப்பிய."

"வடிவு அதைக் கேப்பாளா?"

"தெனம் கேப்பா. அது வார எடத்துல அருவாமணைய விட்டுட்டு எந்திச்சு வந்து நிப்பா."

இசக்கியப்பன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"அதை வாசி. எந்தங்கச்சி கேட்டத நானும் கேக்கணும்லா."

"ஏளா இசபெல், அடக்கம் பண்ண சாமியார் வந்தாச்சு!" என்று உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. வில்லை எடுத்தாள்.

பல்லவிக்கு மாமாவின் கை தொடையில் ஆதிதாளம் போட்டது. அனுபல்லவியிலும் பிசகவில்லை. கொழும்பு மெட்டு தொடங்கியதும் அடி தவறியது. விட்டார், பிடித்தார், மறுபடியும் விட்டார். இசபெல்லா அவருக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் கையை உயர்த்தினார். எங்கே இறக்குவது என்று தெரியாமல் அது அப்படியே நின்றது.