முடிவு கிடைக்காத சாட்சி

முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். மறைத்தால் மறைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கொம்பைப் பார்த்து எல்லாரும் கைதட்டினால் செவி என்னதான் செய்யும்? பாஸ்டர் கிருஷ்ணராஜுக்கு அதுதான் நடந்தது. பண்டாரவளைக்குப் பக்கத்திலுள்ள சின்ன வேதாகமக் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகப் பிரசங்கம் பண்ணப் படிப்பித்து வருபவர் அவர். ஒரு வசனம், அதற்கு மூன்று தலைப்பு, கடைசியில் ஓர் அழைப்பு. தேயிலைத் தோட்டத்துச் சபைகளில் பாதிப்பேர் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். அடுத்த மாதம் பாடத்தலைவர் பதவி காலியாகிறது. அது தனக்குத்தான் என்று மனசுக்குள் அவர் நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து பெங்களூரில் இறையியல் படித்துவிட்டு விஜயலெட்சுமி வந்து சேர்ந்தாள். கொஸ்லந்தைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், முப்பது வயசு. அவள் கொண்டுவந்த பாடம் 'பின்நவீனத்துவமும் ஊழியமும்'.

"நவீனமே இன்னும் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாக்கல. அதுக்குள்ள பின்நவீனமா?" என்று தேநீர் நேரத்தில் கேட்டார் கிருஷ்ணராஜ். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் மனசாரச் சிரித்தாள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

தோட்டத்து ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்ல ஒரு முறை உண்டு. கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், கர்த்தர் விடுவித்தார், அல்லேலூயா. விடுதலை கிடைக்காதவர்கள் சாட்சி சொல்ல எழும்புவதே இல்லை. விஜயலெட்சுமி தன் வகுப்பில் அவர்களைத்தான் எழுப்பினாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய கதையைச் சொல்லிவிட்டால், அதற்குள் அடங்காத சின்னக் கதைகள் வாயடைத்துப் போகும். அவற்றைக் கேட்கப் பழகுவதும் ஊழியம்தான். அவள் பாடத்தின் சாரம் அவ்வளவுதான். "முடிவு கெடைக்காத சாட்சி இருந்தா சொல்லுங்க. நாங்க முடிவு கேக்க மாட்டோம்" என்றாள்.

மூன்று தலைப்புக்குக் கொட்டாவி விட்டவர்கள் அங்கே மணியடித்தும் எழும்பவில்லை. அப்புத்தளையிலிருந்து வரும் ஒரு மாணவி, எவ்வளவு ஜெபித்தும் பிழைக்காமல் போன தன் புருஷனைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தாள். மூன்று வருஷம் கிருஷ்ணராஜின் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நகரவில்லை. வயிறு எரிந்தது. பொறாமை எலும்புருக்கி என்று எத்தனை சபையில் முழங்கியிருக்கிறார்! இப்போது அந்த வசனம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அந்த மாணவி தன்னிடம் அழுதிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

அப்போது கரும்பலகையில் விஜயலெட்சுமி எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'கடவுள் ஏன் இதை நடக்க விட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை நம்பாதீர்கள்.'

மாட்டிக்கொண்டாள் என்று அவர் மனம் துள்ளியது. டயறியில் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டார்.

வீட்டில் அவர் கடிதம் எழுதுவதை மனைவி இராக்கம்மா எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு அந்தப் பாடம் புடிக்கலயா, அந்தப் புள்ளய புடிக்கலயா?"

"சத்தியத்துக்காக எழுதுறேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

கடிதம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. அந்த இரண்டு வரியையும் அடிக்கோடிட்டு, இது விசுவாசத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுவது என்று எழுதியிருந்தார். உண்மை ஆளுக்கு ஆள் மாறும் என்று படிப்பிக்கிறவரிடம் பாடத்தலைமையைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் குழு கூடியது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, தலைவர் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "மிஸ், இத நீங்க எழுதுனீங்களா?"

"பலகையில எழுதுனது நான்தாங்க. ஆனா சொன்னது நான் இல்ல" என்றாள் விஜயலெட்சுமி. பிறகு ஒன்றும் விளங்காதவளாகக் கிருஷ்ணராஜைப் பார்த்தாள். "ஐயா, இது நீங்க சொன்னதுதானே?"

"மீரியபெத்தயில மண்ணு சரிஞ்சு மறுநாளு. எங்கம்மாவ தேடித் தோண்டிகிட்டு இருந்தாங்க. வந்த ஊழியக்காரங்க எல்லாரும் கர்த்தரோட சித்தம்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க மட்டும் எங்க பக்கத்துல சேத்துல ஒக்காந்து இத சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தாங்க நான் ஊழியத்துக்கே வந்தேன். பேரு போட்டா கூச்சப்படுவீங்கன்னு போடல. ஐயாவுக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன்."

இல்லாமலா? அவள் பேசப்பேச எல்லாம் வந்துவிட்டது. மழை, சேறு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அழாமல் நின்ற ஒரு பெண். பதினொரு வருஷம். தன் வாயிலிருந்து வந்ததையே அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும். ஒப்புக்கொண்டால் கடிதம் போச்சு, பதவியும் போச்சு.

"அழுகையும் கூச்சலுமா இருந்த எடம்" என்று தொண்டையைச் செருமினார். "யாரு என்ன சொன்னாங்கன்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஞாபகம். அவங்க ஞாபகம் அவங்களுக்கு உண்மை. என் ஞாபகம் எனக்கு."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"இல்லீங்க ஐயா" என்றாள் விஜயலெட்சுமி. "சொன்னது சொன்னதுதான். நான் அங்க இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான் சொன்னேன்" என்றார் கிருஷ்ணராஜ். "அந்தக் கடிதத்தக் கிழிச்சிருங்க. பதவிய அவங்களுக்கே குடுங்க."

சொல்லிவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று நினைத்தார். அடங்கவில்லை. அது பெங்களூர்ப் பட்டத்தையும் கைதட்டலையும் விட்டுவிட்டு, அன்றைக்குச் சேற்றில் உட்கார்ந்திருந்த அந்த மனிதன்மேல் போய் விழுந்தது. அப்படி ஒரு வார்த்தை அதற்குப் பிறகு அவர் வாயில் வந்ததே இல்லை.