மோட்டார்சைக்கிளில் ஒரு லொறி ஹோன்

கொள்ளுப்பிட்டிச் சந்திக்குச் சற்று முன்னால் ஒரு மாட்டுவண்டி கொழும்பின் காலி வீதியின் நடுவில் நின்றது. வண்டிக்காரன் கீழே இறங்கி, கடைக்காரன் ஒருவனோடு வாழைக்குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். பின்னால் மோட்டார்சைக்கிளில் இருந்த நாகேந்திரம் ஹோனின் ரப்பர் உருண்டையை அமுக்கினார். "பாம்" என்றது. மாடு காதை ஆட்டியது. வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். தெருவோரத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பின்னால் ஒரு கார் வந்து நின்று ஒரே ஒரு தடவை அலறியது. வண்டிக்காரன் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து மாட்டை இழுத்தான். நாகேந்திரமும் தன்னை அறியாமலே மோட்டார்சைக்கிளை ஓரத்துக்கு உருட்டினார். கார் கடந்து போகும்போதுதான் உள்ளே இருப்பவரைக் கண்டார். அவர் வேலை செய்யும் கோட்டைக் கப்பல் கம்பனியின் வெள்ளைக்கார மனேஜர். அன்று மத்தியானம் அந்த மனேஜர், "காலையில் வழியில் கத்தியது உம்முடைய ஆடா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். கிளாக்கர்மார் எல்லோரும் சிரித்தார்கள். பிரதம கிளாக்கரான நாகேந்திரமும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

சிரித்த வாய் வலித்ததோ இல்லையோ, மனம் வலித்தது. வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த ஒழுங்கையில், அந்தச் சிறு சந்தில், மோட்டார்சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, படிப்படியாக ஏறி, சொந்தமாக ஒரு வாகனமும் வாங்கிய மனிதரை ஒரு வண்டில் மாடு மதிக்கவில்லை என்றால் அவர் என்னதான் செய்வார்? ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த வார இறுதியிலேயே கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

அங்கே கிளெமென்ற் என்பவன் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தான். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் பட்டாளத்தார் விட்டுப்போன லொறிகளை உடைத்து, கழற்றி விற்கும் வியாபாரம் கொழும்பில் ஓயவில்லை. கிளெமென்ற் ஒரு சாக்கை உதறி, கறுத்த ஹோன் ஒன்றை எடுத்து வைத்தான்.

"சேர், இது ஆமி லொறியில இருந்தது. இதை அடிச்சா காலி ரோட்டே ரெண்டா பிளந்து நிக்கும்."

"மோட்டார்சைக்கிளுக்குச் சரிவருமோ?"

"ஒரு பெட்டரிப் பெட்டியை சீட்டுக்குக் கீழ கட்டிப்புட்டா சரி. சேருக்கு முன்னால ஒருத்தன் நிப்பானா பாருங்க."

அதன் பிறகு உண்மையிலேயே ஒருவனும் நிற்கவில்லை. ஹோன் பித்தானை அழுத்தினால் ரிக்‌ஷாக்காரர்கள் துள்ளி விலகினார்கள். தலையில் கூடை வைத்திருந்த மீன்காரிகள் கடைப் படிகளில் ஏறி நின்றார்கள். நாகேந்திரம் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தெருவின் நடுவால் போனார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை மட்டும் யானை அளவுக்கு வந்தது. பின்னால் வந்தவர் ஐந்தரை அடிக் கிளாக்கர்தான். ஆனால் தெரு தனக்கு மரியாதை தருகிறது என்று அவர் மனதார நம்பினார்.

அவருடைய வீடு ஒழுங்கையின் கடைசியில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒழுங்கையின் முதல் வீடு புடவைக்கடை புவாத்துடையது. புவாத்தின் மனைவி றமீலாவும் நாகேந்திரத்தின் மனைவி பாலேஸ்வரியும் ஒருவர் சமைத்ததை ஒருவர் ருசி பார்க்காமல் விடாத சிநேகிதிகள். றமீலாவுக்கு இருதய நோய். கொஞ்சக் காலமாக அது முற்றிவிட்டது. இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. விடிய விடியக் கதிரையில் சாய்ந்து விழித்திருப்பாள். பின்னேரத்தில் கடற்காற்று வீசத் தொடங்கும் நேரம் மட்டும் தலையணைகளில் சாய்ந்து சிறிது கண்ணயர்வாள். அந்த நித்திரைதான் மருந்து, அதைக் கெடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாகேந்திரம் கந்தோரில் வேலை முடிந்து வரும் நேரமும் அதுதான்.

ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு புவாத் வந்தார். வாசல் படலையடியில் நின்று மழையைப் பற்றிக் கதைத்தார், எலெக்‌ஷனைப் பற்றிக் கதைத்தார், புடவைக்கு இன்னும் கூப்பன் கேட்கும் கஷ்டத்தைக் கதைத்தார். கடைசியில்தான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா கோவிச்சுக்கப்படாது. நம்ம லேனுக்குள்ள வாரப்போ அந்த ஹோன மட்டும் கொஞ்சம் அடிக்காம வருவீங்களா? றமீலா புள்ளைக்கு அந்த நேரத்துலதான் கண் மூடுது."

"அதுக்கென்ன புவாத், லேனுக்குள்ள இனி அடிக்கமாட்டன். நீங்கள் யோசியாதேங்கோ."

வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். எப்படிக் காப்பாற்றினார் என்பதைக் கேளுங்கள். காலி வீதியில் இருந்து ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் எப்போதும் சன நெரிசல். அந்த இடத்தில் பித்தானை நீட்டி அழுத்தி, ஆட்களை விலக்கி, ஒழுங்கைக்குள் முன் சில்லு நுழைந்ததும் கையை எடுத்துவிடுவார். எல்லைக் கோட்டுக்கு வெளியே அடித்தால் வாக்குத் தவறியதாகாது என்பது அவருடைய கணக்கு. பிரதம கிளாக்கர் அல்லவா, சட்டத்தின் எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டார்.

பாலேஸ்வரி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாயைத் திறந்தாள். "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை பாவம். இண்டைக்கும் திடுக்கிட்டு எழும்பி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவளாம்."

"நான் லேனுக்குள்ள அடிக்கேல்லையே."

"அவளின்ரை கட்டில் றோட்டுப் பக்கத்து யன்னலடியிலை எல்லோ கிடக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஹோன் அடிக்காமல் அந்தச் சனத்துக்குள்ளாலை எப்பிடி வாறது? றோட்டிலை போறவன் ஹோன் அடிப்பான்தானே" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்தார்.

அடுத்த கிழமை ஒருநாள், நாகேந்திரம் வேலைக்குப் போன சிறிது நேரத்தில், றமீலா கதிரையில் சாய்ந்தபடியே கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை. பாலேஸ்வரி ஓடிப்போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். கந்தோருக்குச் சொல்லி அனுப்ப அவளுக்குத் தோன்றவும் இல்லை, ஆளும் இல்லை. முஸ்லிம்களின் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். தெஹிவளையில் இருந்து றமீலாவின் அண்ணன் மஹ்ரூப் வந்து சேர்ந்தார். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் சந்தூக்குப் பெட்டியில் றமீலாவின் ஜனாஸாவை வைத்து ஆண்கள் தோளில் தூக்கினார்கள்.

வெள்ளவத்தையில் ஜனாஸா போகும்போது கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். சைவக்காரர், சிங்களவர், பறங்கியர் என்று வேறுபாடு கிடையாது. பஸ்கூட நிற்கும். அன்றும் எல்லாம் நின்றன. மோட்டார்சைக்கிள் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது.

ஒழுங்கை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் முதுகைக் காட்டிப் போவதை நாகேந்திரம் கண்டார். சிவப்புத் துருக்கித் தொப்பிகள், வெள்ளைத் தொப்பிகள். எலெக்‌ஷன் காலம், எந்த மூலையிலும் ஊர்வலம். இன்றைக்கும் யாரோ வோட்டுக் கேட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து எரிச்சல்பட்டார். தன்னுடைய மோட்டார் சத்தத்தில் அவர்கள் மெல்ல ஓதிக்கொண்டு போன கலிமா அவருக்குக் கேட்கவில்லை. பித்தானை அழுத்தினார். ஒருவரும் விலகவில்லை. விரலை எடுக்காமல் நீட்டி அழுத்தினார்.

பின்னால் நின்றவர்கள் அலறிப்புடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். அவர்கள் இடித்ததில் நடுவில் இருந்தவர்கள் சுவரோடு போய் ஒட்டினார்கள். கூட்டம் பிளந்தது. பிளந்த இடத்தில், பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு ஒரு பக்கம் சரிந்து ஆடியது. பத்துப் பன்னிரண்டு கைகள் ஒன்றாக எழுந்து அதைத் தாங்கிப் பிடித்தன. தூக்கியிருந்தவர்கள் சந்தூக்கோடு ஓரமாக ஒதுங்கினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த புவாத் தலையைத் திருப்பிப் பார்த்தார். நாகேந்திரத்தைக் கண்டார். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

தெரு அகலமாகத் திறந்து கிடந்தது. ஒரு பெரியவர் மூச்சு வாங்கியபடி, கையை நீட்டி, "போங்க, போங்க" என்று வழி காட்டினார். அதில் கேலி இல்லை. உண்மையாகவே போகச் சொன்னார். ஒரு மையத்து, ஒரு பிரேதம், தனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்பது அப்போதுதான் நாகேந்திரத்துக்கு உறைத்தது. மோட்டாரை நிறுத்தினார். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. ஜனாஸா தெருவில் முன்னேறிப் போய் மறையும்வரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டார்சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டு போனார்.

பாலேஸ்வரி அழுத முகத்தோடு வந்தாள். புருஷனைக் கண்டதும் குரலை உயர்த்தவில்லை.

"உள்ளுக்கை பெண்டுகள் எல்லாருக்கும் கேட்டது. அது ஆரின்ரை ஹோன் எண்டும் எல்லாருக்கும் தெரியும். றமீலாவின்ரை தமக்கை ஹப்ஸா என்ரை முகத்தைப் பாத்திட்டுக் குனிஞ்சிட்டா. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்த என்ரை கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் இருந்தனான்."

நாகேந்திரம் முகம் கழுவினார். சாப்பிடவில்லை. விளக்கு வைக்கும் நேரம், மையவாடியில் அடக்கம் முடித்து ஆட்கள் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், புவாத் வீட்டுக்கு நடந்தார். போகாமல் இருப்பதற்கு எத்தனையோ காரணங்கள் மனதில் வந்தன. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் கதிரைகள் போட்டு ஆண்கள் இருந்தார்கள். புவாத் எழுந்து அவருக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "வாங்க ஐயா, இரிங்க" என்றார். அதே மரியாதை, அதே மெல்லிய குரல். நாகேந்திரம் உட்கார்ந்தார்.

மஹ்ரூப் தோளைத் தடவிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். சந்தூக்கு சரிந்தபோது பாரம் அவருடைய தோளில்தான் விழுந்திருந்தது.

"எனக்குத் திரும்பிப் பாக்க ஏலாமப் போச்சு. ஆமி லொறி எண்டுதான் நெனச்சேன். யுத்த நேரம் இந்த ரோட்டுல அந்தச் சத்தத்துக்கு எத்தின தரம் ரோட்டோரத் தண்ணிக் காணுக்குள்ள பாஞ்சிருப்போம். லொறி நிக்காது, மனிசன்தான் பாயணும். அந்தப் பயம் இன்னும் காலுல ஈக்குது. யாரு மச்சான் அது?"

புவாத் நாகேந்திரத்தின் பக்கம் பார்க்கவில்லை. "ரோட்டால போன யாரோ ஒருத்தன்" என்றார்.

நாகேந்திரத்துக்குத் தப்பிக்க வழி திறந்துவிட்டது. மனைவியைப் பறிகொடுத்த மனிதர் தன் கையாலேயே அதைத் திறந்து கொடுத்திருந்தார். பேசாமல் இருந்து, ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போகலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மரியாதை என்று இவ்வளவு நாளும் தான் வாங்கியது எது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. பட்டாள லொறிக்குப் பயந்து பழகிய கால்களின் நடுக்கத்தை அல்லவா அவர் தன் மதிப்பென்று எண்ணி நிமிர்ந்து திரிந்தார். அவர் எழுந்து நின்றார்.

"அது நான்தான்" என்றார். "லொறி இல்லை. லொறி ஹோனை என்ரை மோட்டார்சைக்கிளிலை பூட்டியிருக்கிறன். ஜனாஸா எண்டு தெரியாது. ஆனால் தெரியாதெண்டு சொல்லித் தப்பேலாது. அந்தப் பிள்ளையின்ரை நித்திரைக்காக அடிக்கவேண்டாமெண்டு புவாத் கேட்டவர். லேனுக்கு வெளியிலை நிண்டு அடிச்சனான்."

மஹ்ரூப் கதிரையை விட்டு எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்தார். புவாத்தான் முதலில் பேசினார்.

"மவுத்து அல்லாட நாட்டம், ஐயா. உங்கட ஹோனால அவ போகல்ல. டாக்டரும் அப்பிடித்தான் செல்றாரு. ஆனா இந்தக் கடைசிக் கிழமை அவ ஒரு பின்னேரமாவது நிம்மதியாத் தூங்கியிருக்கலாம். அது மட்டும் மனசுல ஈக்குது. நீங்க லேனுக்குள்ள அடிக்கல்ல, மெய்தான். லேன் எங்க முடியிதெண்டு சத்தத்துக்குத் தெரியாதே."

நாகேந்திரத்தின் கண் கலங்கியது. மஹ்ரூப், பக்கத்தில் இருந்தவர் பிடித்திருந்த தன் கையை விடுவித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"வெள்ளக்காரன் போகப்போறான் எண்டு ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுறாங்க. அவன் போகட்டும். அவன்ட லொறிய உடைச்சு, ஹோன மட்டும் கழட்டி நாங்க பூட்டிக்கிட்டு, நம்ம சனத்தையே காணுக்குள்ள பாய வெச்சா, அவன் போய் நமக்கு என்ன லாபம்?"

நாகேந்திரம் கை கூப்பிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பனரை எடுத்தார். பாலேஸ்வரி விளக்கைப் பிடித்தாள். துருப்பிடித்த ஆணி லேசில் அசையவில்லை, கை தோலுரிந்தது. ஹோனைக் கழற்றிச் சுத்தியலால் நசுக்கினார். கிளெமென்ற் கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவன் அதைப் பூட்டிக்கொண்டு வருவான் என்று அவருக்குத் தெரியும்.

"இனி முன்னாலை ஆக்கள் நிண்டால் என்ன செய்வியள்?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"நானும் நிப்பன்" என்றார் நாகேந்திரம். "றோட்டு என்ரை அப்பன்ரை முதுசம் இல்லை. எனக்கு முன்னாலை நிக்கிறவையும் எங்கையோ போற ஆக்கள்தான். சத்தம் போட்டுப் பயப்படுத்தி வாங்கிற வழி, மற்றவையிட்டைக் களவெடுக்கிற வழி. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மையத்து ஒதுங்கி நிக்க வேண்டியிருந்திருக்கு."