ஈரக்கரி வாசித்த கடைசிப் பாட்டு

வெட் கோல் என்றொரு இசைக்குழு அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஏழு மாதம் இருந்தது. ஈரக்கரி என்று அர்த்தம். பெயர் வைத்தவன் மலாக்கி. கித்தார் வாசித்ததும் பாடியதும் பாட்டு எழுதியதும் அவன்தான். டெனி டிரம்ஸ், நான் பேஸ் கித்தார். இப்போது யார் யாரோ வந்து குழுவின் வரலாறு கேட்கிறார்கள். என்ன பெரிய வரலாறு? எழுபத்தொன்றில் ஈஸ்டர் முடிந்து தொடங்கினோம், குளிர் இறுகுவதற்குள் முடித்துக்கொண்டோம். சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அப்போதும் தோன்றவில்லை.

அதற்கு முன் மூவரும் ஒரே ஷோபேண்டில் இருந்தோம். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, ரேடியோவில் எது ஓடுகிறதோ அதை அப்படியே வாசித்துக்கொண்டு, ஒவ்வொரு நடன மண்டபமாக அலைகிற பிழைப்பு. நானும் மலாக்கியும் மூன்று வருடம். டெனி ஒன்பது வருடம். ப்ளூஸ்தான் வாசிப்பேன் என்று மலாக்கி கோட்டைக் கழற்றி எறிந்தபோது நாங்களும் எறிந்தோம். என் அப்பா நாங்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேரு சரியாத்தான்டா வச்சிருக்கீங்க. புகைதான் வருது, சூட்டையே காணோம்."

மண்டபங்களிலும் அதே மரியாதைதான். மலாக்கி கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பான். கீழேயிருந்து எவனாவது கத்துவான்: "யப்பா, ஒரு வால்ட்ஸ் போடுங்கப்பா! பொண்ணு கையப் புடிக்க வழியில்லாம நிக்கிறோம்!"

ஆனால் 'வெள்ளத் தெரு' என்று அவன் எழுதிய பாட்டுக்கு மட்டும் யாரும் கத்தியதில்லை. ஆற்றுத் தண்ணீர் ஏறி அவன் தெருவுக்குள் வந்த கதை. பாடி முடித்தால் அவன் சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும். ஒரு ராத்திரியில் இரண்டாம் முறை பாட மாட்டான், பாடவும் முடியாது. அந்தப் பாட்டை யாரோ சொல்லக் கேள்விப்பட்டு, லண்டனிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆள் வருவதாகச் செய்தி வந்தது. பெல்ஹாம் என்று பெயர். பிடித்திருந்தால் அங்கேயே கையெழுத்து.

அந்த நேரம் பார்த்து மலாக்கியின் மனைவி நோரீன் உண்டாகியிருந்தாள். அவளுடைய மாமா கார் தொழிற்சாலையில் ஃபோர்மேன். நிரந்தர வேலை ஒன்று மலாக்கிக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும்தான் மாப்ள," என்று சொல்லிவிட்டார். "அதுக்கு மேல என்னால முடியாது. வெளிய நூறு பேரு நிக்கிறான்."

லண்டன்காரர் வருவது சனிக்கிழமை. கையெழுத்துப் போட்டால் லண்டன், இல்லையென்றால் திங்கட்கிழமை தொழிற்சாலை என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். மலாக்கி போனால் குழு இல்லை. அதே தொழிற்சாலையில் என் அண்ணன் காருக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்து நான்தான் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மல்லோ பக்கம் ஒரு மண்டபத்தில் ஆட்டம். மண்டபத்தை நடத்துகிற பாட் ஹான்லி நல்ல மனுஷன். டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

"பாட் அண்ணே, அந்த ஆளு வந்ததும் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் மலாக்கி. "வந்தப்புறம்தான் வெள்ளத் தெருவ எடுக்கணும்."

"வாசல்ல தலையக் கண்டதும் பெரிய லைட்ட ஒரு தரம் போட்டு அணைக்கிறேன். போதுமா?"

"போதும் போதும்."

நால்வரும் தலையாட்டினோம். நால்வரும் மீசை முளைத்த நாளிலிருந்து இந்த மண்டபங்களிலேயே கிடப்பவர்கள். ஒருத்தனுக்காவது உறைத்ததா? இல்லை.

பெல்ஹாம் நேரத்துக்கு வரவில்லை. வழி கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு திசை காட்டியிருக்கிறார்கள். நாங்கள் கைவசம் இருந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்தோம், மலாக்கி வெறுத்துப்போய் இரண்டு வால்ட்ஸ்கூடப் போட்டான். ஒரு பாட்டு முடிந்து அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரிய விளக்கு பளிச்சென்று எரிந்தது.

டெனியின் கை டிரம்ஸில் உருண்டது.

எங்கள் மண்டபங்களில் பெரிய விளக்கு எரிந்தால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். விளக்கு, டிரம்ஸ் உருட்டல், தேசிய கீதம், வீடு. ஒன்பது வருடம் ராத்திரிக்கு ராத்திரி செய்த கை அது. டெனியைக் கேட்டுக்கொண்டா செய்யும்? கூட்டம் மொத்தமும் விறைத்து நின்றது. ஆண்கள் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார்கள். விளக்கை அணைக்க வேண்டிய பாட் ஹான்லி, சுவிட்சுக்குப் பக்கத்திலேயே கையைத் தொங்கப்போட்டு அட்டென்ஷனில் நின்றார். அவருக்கு அருகில் மழைக்கோட்டோடு ஓர் ஆள் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

மலாக்கி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தொடங்கிய கீதத்தைப் பாதியில் நிறுத்துகிற தைரியம் இந்த நாட்டில் எவனுக்கு இருக்கிறது? வாசித்தோம். முழுசாக வாசித்தோம். கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தேடிப் போய்விட்டார்கள். நேரம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பெல்ஹாம் மேடைக்கு வந்தார். "ரொம்ப கம்பீரமான பாட்டுங்க. நீங்க எழுதினதா?"

"இல்லீங்க," என்றான் மலாக்கி.

"அப்புறம் ஏன் எல்லாரும் கிளம்பிட்டாங்க?"

அதற்குள் பாட் ஹான்லி ஓடி வந்தார், கண் கலங்கியிருந்தது. "தம்பி, எல்லாம் என் புத்தி கெட்ட வேலை. கீதத்துக்கு அப்புறம் வாசிக்கக் கூடாதுதான், ஆனா நான் கரண்ட்ட நிறுத்தல. வாசல்ல போய் நிக்கிறேன், எனக்குக் காது கேக்காது. அந்தப் பாட்ட ஐயாவுக்கு வாசிச்சுக் காட்டு."

"கேக்கத்தாங்க வந்தேன்," என்றார் பெல்ஹாம். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மலாக்கி 'வெள்ளத் தெரு'வைத் தொடங்கினான். சுருதி சரியாக இருந்தது. தாளம் சரியாக இருந்தது. பெரிய விளக்கின் கீழே, ஒரு பெண் சாண்ட்விச் துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாசற்படியைத் தொடுகிற அடி வந்தது. வழக்கமாக அங்கேதான் அவன் குரல் உடையும். அன்று உடையவில்லை. கித்தாரிலிருந்து கையை எடுத்தான்.

"முடிஞ்சிருச்சுங்க," என்றான். "கீதம் வாசிச்சாச்சு. அதுக்கப்புறம் வராது."

"இன்னொரு தரம் முயற்சி பண்ணுங்களேன். எனக்கு அவசரம் இல்லை."

"வராதுங்க."

பெல்ஹாம் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு கை கொடுத்துவிட்டுப் போனார். நான் அவர் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கோபம்கூட வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல, வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேனில் சாமான் ஏற்றும்போது டெனி உடைந்து அழுதான். "என்னை அடிச்சுப் போடுங்கடா! கையா இது? வெட்டிப் போடணும்."

"விடுடா," என்று மலாக்கி அவன் முதுகில் தட்டினான். "என் கையா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருக்கும்."

வேன் கிளம்பியது. டெனி ஓட்டினான், நானும் மலாக்கியும் பக்கத்தில். மலாக்கி இப்போது உடையப் போகிறான், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"ஃபின்பார்," என்றான் மலாக்கி. "உங்க அண்ணனுக்குத் தெரியும்ல? திங்கக்கிழமைக்கு சாப்பாடு கட்டிட்டுப் போகணுமா, இல்ல அங்கயே கேன்டீன் இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். பரீட்சை ரத்தானது என்று கேள்விப்பட்ட பையனின் முகம்.

"இருக்கு," என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டுத் தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டான். ஊர் வருவதற்குள் தூங்கிவிட்டான். ஏழு மாதத்தில் அவன் அந்த வேனில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.