மூன்றாவது பெஞ்சின் மீதி நேரம்

எட்டு பி வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் நேரம் தேங்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு பீரியடில். முதலில் பார்த்தவர் பெருக்க வந்த ஆயா. ஒழுகிய தண்ணீர் என்று நினைத்துத் துடைக்கக் குனிந்தவருக்கு அங்கேயே இடுப்பு பிடித்து, வைத்தியம் பார்க்காமலே பத்து நாளில் சரியாகி, நிமிர்ந்து பார்த்தால் சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நின்ற இடத்திலேயே நின்றது. "தண்ணி இல்ல சார், நேரம்" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அடுத்த வகுப்பைப் பெருக்கப் போனார்.

ஊற்றைக் கண்டுபிடிக்க கமிட்டி தேவைப்படவில்லை. அந்த பெஞ்சின் ஓரத்தில் பஸ் கண்டக்டரம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அவளுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். மற்ற நாற்பத்திரண்டு பேரும் நாற்பது நிமிடம் முட்டி மோதுகிற கணக்குகளை இரண்டே நிமிடத்தில் முடித்து, பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். முடித்தவர்களுக்கு அந்தப் பள்ளியில் ஒரே மருந்துதான்: கையைக் கட்டு, வாயில் விரலை வை. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படிக் கை கட்டி உட்கார்ந்த நேரம் எங்கேதான் போகும்? வழிந்து தரைக்கு வந்துவிட்டது. கண்டக்டரம்மா டிக்கெட் பையோடு வந்து முறையிட்டார். "வீட்லயும் கட்டிலுக்கு அடியில கெடக்கு சார். பெருக்கித் தள்ளினாலும் திரும்ப வந்துடுது. இவளுக்கு மட்டும் கணக்கக் கொஞ்சம் கஷ்டமாக் குடுங்களேன்." அது சமத்துவத்துக்கு விரோதம் என்று தலைமையாசிரியர் வருத்தத்தோடு சொன்னார்.

ஊரான் வீட்டு நெய்க்குக் கை தாராளம். மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தால் வெளியே மணி நகராது என்று தெரிந்த வாரமே பள்ளிக்கூடம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் ஆறு வருடமாக எழுதாமல் வைத்திருந்த பதிவேடுகளை ஒரு சாப்பாட்டு இடைவேளையில் எழுதி முடித்தார். விளையாட்டு சார் அங்கே ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஆறாத டீயைக் குடித்துவிட்டுப் போவார். கணக்கு டீச்சருக்கு வீட்டில் இரட்டைக் குழந்தைகள். நாற்பத்து மூன்று நோட்டுகளையும் பெஞ்சிலேயே திருத்திவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். எட்டு மாதமாக அவர் தோள்பட்டை வலிக்கவில்லை. அந்தப் பெண்ணை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் விடாமலே காய்க்கிற மரத்தை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

அப்போதுதான் மீத்திறன் மாணவரைக் கண்டறியும் படிவம் வந்தது. வருடா வருடம் வருவதுதான். போன வருடம் கையெழுத்து அழகாக இருந்த ஒருவனையும், அதற்கு முந்தின வருடம் இரவல் வாங்கிய பேனாவை மூடியோடு திருப்பித் தந்த ஒருத்தியையும் கண்டறிந்தார்கள். இந்த வருடம் ஒரு மாற்றம். கண்டறியப்பட்டவர் வாரத்தில் மூன்று நாள் மாவட்ட மையத்துக்குப் போய்க் கடினமான பாடம் படிக்க வேண்டும். தலைமையாசிரியர் மூன்றாவது பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். "இருக்குன்னு எழுதினா மூணு நகல் அனுப்பணும் டீச்சர். இல்லைன்னா ஒண்ணு போதும்." டீச்சர் 'இல்லை' என்று எழுதிவிட்டு, நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பெஞ்சுக்குப் போனார்.

அந்தப் பெண்ணின் நோட்டில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று இருந்தது. அதற்கு முந்தின பக்கத்தில் நான்கு தப்பு. அதற்கும் முந்தினதில் ஒன்று. டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"என்னடி இது, தூக்கமா?"

"இல்ல டீச்சர். தப்பாப் போட்டா திருத்திட்டு வான்னு சொல்வீங்க. அதுல கொஞ்சம் நேரம் போகுது."

சொன்னவளின் காதோரத்தில் ஒரு நரைமுடி இருந்தது. மற்றவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்; நாள் முழுக்க அதில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவள் அவள்தானே. இப்படியே போனால் வருட முடிவில் அவளுக்கு ஏழெட்டு நிஜமாகவே ஐம்பத்து நான்காகிவிடும் என்பது டீச்சருக்கு உறைத்தது. படிவத்தை நான்காகக் கிழித்தார். கல்லூரியில் தான் பாதியில் விட்டுவிட்ட ஒரு கணக்கை போர்டில் எழுதினார்: ஒரு சதுரத்தை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத சின்னச் சின்னச் சதுரங்களாக, இடைவெளி விடாமல் வெட்ட முடியுமா?

இரண்டு நிமிடம் ஆயிற்று. அவள் பேனாவை மூடவில்லை. வரைந்தாள், அடித்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி வரைந்தாள். பெஞ்சுக்கு அடியில் மட்டம் இறங்கியது. நான்காம் நாள் விளையாட்டு சாருக்கு டீ ஆறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை மணியடித்தபோது தரை காய்ந்து, சிமெண்டில் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "டீச்சர், இன்னும் கொஞ்சம் டைம் குடுங்களேன்." அன்று மாலை டீச்சர் நாற்பத்து மூன்று நோட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

புதுப் படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் 'மாணவி கூடுதல் நேரம் கேட்கிறாள்' என்று நிரப்பினார். பெஞ்சு காய்ந்துவிட்டதால் காவல் காக்க ஒன்றுமில்லாத தலைமையாசிரியர் மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டார். மாவட்ட அலுவலகத்தில் யாரோ கடைசி வரியை மட்டும் படித்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஆணை வந்தது. மேற்படி மாணவி மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். பள்ளி முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக அனுமதிக்கப்படுகிறது. கண்டக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "எந்தப் பட்டியலா இருந்தா என்ன டீச்சர்? கட்டிலுக்கு அடியில சுத்தமாயிடுச்சு."

மேல்முறையீடு செய்தால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும் என்பதால் யாரும் செய்யவில்லை. பட்டியலில் முதல் பெயராக அவள் பத்தாம் வகுப்பு வரை இருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் எட்டு பி-யின் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்து சதுரத்தை முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. இருபத்தாறு துண்டுகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அவள் பேனாவை மூடியதும் பெஞ்சுக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. மறுபடி சேர்ந்துபோன பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். டீச்சர் சொட்டைச் செருப்பால் தேய்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்து, அடுத்த கணக்கை எழுத போர்டை அழித்தார்.