குளத்து மீன் குழம்பு

லோகப்பிரியா மீனின் வயிற்றைக் கீறினாள். ஆண் மீன்தான், உள்ளே மஞ்சள் மணிகளாக முட்டை.

கல்லூரியில் அவள் இத்தனை வருடம் ஆராய்ந்ததும் இதைத்தான். சாயப்பட்டறைக் கழிவு குளத்தில் கலந்து, மீனின் உடம்புக்குள் பெண் ஹார்மோன் மாதிரி வேலை பார்த்து, ஆணையும் சினை வைக்கச் செய்துவிடுகிறது. பட்டறை வேறு யாருடையதும் அல்ல, அவளுடைய அப்பா பொங்கியண்ணனுடையதுதான்.

அவள் அதை வெளியில் சொன்னதும் அவர் ஊர்க்கூட்டத்தில் அதே குளத்து மீனை வறுக்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் ரசித்துத் தின்று காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அதற்குப்பின் மகளோடு பேச்சில்லை. நீ சொன்னது நிஜம் என்று அவர் வாயால் ஒரு தடவை வந்தால் போதும் என்றுதான் அவளும் காத்திருந்தாள்.

இப்போது அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஆசை பாக்கி நிற்கிறது என்றார்கள் உறவினர்கள். அன்று அவ்வளவு ருசித்துத் தின்றவராயிற்றே, குளத்து மீனாகத்தான் இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சுரேந்தர் போய்ப் பிடித்து வந்தான். சாகப்போகிறவரை அந்த மீன் இனி என்ன செய்துவிடும்? ஆனாலும் லோகப்பிரியாவுக்குக் கை ஓடவில்லை.

"ஆசை தீராம உசுரு போகாது கண்ணு. நீயே ஒரு வாய் ஊத்தியுடு" என்றாள் அம்மா சுப்பாத்தாள்.

குழம்புக் கரண்டி உதட்டருகே போனதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"கொளத்து மீனா?"

"ஆமாங்கப்பா."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கூடத்தில் பேரப்பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவர் கை தடவித் தடவி மகளின் கையைப் பிடித்தது.

"கொழந்தைகளுக்குக் குடுத்துப்போடாதீங்க கண்ணு."

வாசற்படியில் நின்ற சுரேந்தருக்கும் அது கேட்டது. அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை வந்தேவிட்டது. லோகப்பிரியாவுக்கு அழுகைதான் வந்தது. கரண்டியை வைத்துவிட்டுச் சொம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். ஒரு மிடறு இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது.

சாவு வீட்டில் சமைத்ததை வைத்திருக்கக் கூடாது. சுரேந்தர் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். சாக்கடையில் கவிழ்க்கக் குனிந்தான். அந்தச் சாக்கடை குளத்துக்குத்தான் போகிறது. நிமிர்ந்தான்.

உள்ளே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். அவன் சட்டியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.