வெள்ளைக் கண் மகள்கள்

"நான் சொல்றதை முதல்ல கேளு—"

"இத்தனை நாளா உன்னைக் கேட்டாச்சு. இப்ப ஈயைக் கேட்கறேன்—"

"ஈ என்னடி சொல்லும்? காலையில பாட்டில்ல இருந்த பழைய ஈயையெல்லாம் காலி பண்ணேன், புதுசாப் பொரிச்ச பொண்ணுங்களை மத்தியானத்துக்குள்ள பிரிச்சேன். இன்னும் எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப இதுல ஒரு வெள்ளைக் கண் பொண்ணைக் காட்டு. ஒண்ணே ஒண்ணு. வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் பழ ஈ வளர்க்கும் அறை அது. சன்னல் கிடையாது, கதவைத் திறந்தாலே புளித்த பழ வாசம் முகத்தில் அடிக்கும். முதுகலைக் கடைசி வருடத்து மாணவி ஒருத்தி அந்த அறையே கதியென்று கிடந்ததால் துறை முழுக்க அவளுக்கு ஈக்காரி என்றுதான் பேர். எதிரே நின்றவள் குண்டூசி. உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி. ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. போன மாதம் ஈக்காரியின் அண்ணனுக்கே அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். "இனிமே அண்ணின்னு கூப்பிடுடி" என்று அவள் அதட்டுவதும், "முதல்ல என் பக்கெட்டைத் திருப்பிக் கொடு, அப்புறம் அண்ணி" என்று இவள் மடக்குவதும் விடுதி மாடிப்படிக்கே மனப்பாடம்.

சண்டை ஈயின் கண்ணைப் பற்றியது. தாய்க்கு வெள்ளைக் கண், தகப்பனுக்குச் சிவப்புக் கண் என்றால், பிறக்கும் மகள்கள் எல்லாம் சிவப்புக் கண்ணோடுதான் வரவேண்டும். ஈக்காரி ஒரு பூச்சிமருந்தைத் துளித்துளியாகத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தாள். மருந்து தின்ற தாய்களுக்கு மட்டும் வெள்ளைக் கண் மகள்கள் பிறந்தார்கள்; தின்னாதவற்றுக்கு இல்லை. மருந்து பரம்பரையிலேயே கைவைக்கிறது என்று நினைத்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைக் கூட்டத்தில் அதைச் சொன்னாள். பேராசிரியை, முனைவர் பட்ட ஆராய்ச்சி இடத்துக்கு அவள் பேரை எழுதி வைத்தார். அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு முறை செய்துவிடு என்றார், அவ்வளவுதான்.

செய்தாள். ஒரு வெள்ளைக் கண் மகள்கூடப் பிறக்கவில்லை.

அப்படியானால் முதல் முறை வந்தவர்கள் யார் பெற்ற பிள்ளைகள்? பொரித்து வந்த பெண் ஈ சில மணி நேரம்தான் ஆணைக் கிட்டே சேர்க்காது. அதற்குள் பிரித்து எடுத்தால் கன்னி ஈ. தாமதித்தால், கூடவே பொரித்த வெள்ளைக் கண் ஆணோடு கூடிவிடும். பிறகு எந்தத் தகப்பனிடம் கொண்டுபோய் விட்டாலும் கணக்கு பாழ். மருந்துக் குப்பிகளுக்கான ஈக்களை மட்டும் ஈக்காரி தன் கையால் பிரிக்கவில்லை. பிரிக்கவேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆபீஸில் தலைபோகிற வேலை என்று அண்ணன் கையை விரித்துவிட, பாட்டில்களைக் குண்டூசியிடம் ஒப்படைத்துவிட்டு இவள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கதவு திறந்தது. கையில் ஹெல்மெட்டோடு அண்ணன்.

"என்ன, நாத்தனாரும் அண்ணியும் இப்பவே ஆரம்பிச்சாச்சா? கல்யாணம் வரைக்கும் பொறுக்கக்கூடாதா?"

"நீயே கேளுண்ணா. அப்பா ஆபரேஷன் அன்னிக்கு இவளை நம்பி ஈயை விட்டுட்டுப் போனேன். நேரத்துக்குப் பிரிக்கலை. கேட்டா இல்லைங்கறா."

"சே, அவமேல பழி போடாதே. பாவம், இடைவேளையிலேயே ஈ ஈன்னு எழுந்துட்டா. நான்தான் உட்காருன்னேன். படம் விட்டதும் நேரா இங்கதான் கொண்டுவந்து—"

குண்டூசி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் பாதியில் நிறுத்தினான். ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

அப்போது இவர்கள் பழக்கம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிறகு தெரிந்தபோது அப்பாவிடம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கிக் கொடுத்ததே ஈக்காரிதான்.

"சொல்லிடலாம்னுதான்டி இருந்தேன்" என்றாள் குண்டூசி. "அதுக்குள்ள உனக்கு வெள்ளைக் கண் வந்துடுச்சு. குதிச்சே. எப்படிச் சொல்றது?"

"கூட்டத்துல மேடம் 'கன்னி ஈதானா, நிச்சயமா?'ன்னு கேட்டாங்க. நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையாட்டினே."

"நீ எதுக்கு என்னைப் பார்த்தே? அது உன் ஆராய்ச்சி."

சுருக்கென்று தைத்தது. அதில் பாதி நியாயம் இருந்ததுதான் இன்னும் வலித்தது. சிநேகிதியின் தலையாட்டலைச் சாட்சியாக வைத்து ஒரு கூட்டத்தையே நம்ப வைத்திருக்கிறாள்.

"இப்ப ஒண்ணும் குடி முழுகலை" என்றான் அண்ணன். "மருந்து பழசாயிடுச்சு, அதான் இந்தத் தடவை வரலைன்னு சொல்லிடு. யார் வந்து ஈயோட கண்ணைப் பார்க்கப்போறாங்க?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு ஈக்காரி குப்பித் தட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியை அறைக்கு நடந்தாள்.

பேராசிரியை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த இடம் உனக்குக் கிடைக்காது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"இந்தத் தடவை பிரிச்சது யாரு?"

"மருந்து கொடுத்தது, கொடுக்காதது, ரெண்டையும் நான்தான். ஒவ்வொண்ணும்."

"குப்பியைக் கழுவிடாதே. நான் எண்ணிப் பார்க்கணும்."

ஈக்காரி தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். இருவரும் அறை வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"என் பேரைச் சொன்னியா?" என்று கேட்டாள் குண்டூசி.

"சொன்னேன். கேட்காம நம்பினவ பேரையும் சேர்த்துச் சொன்னேன்."

"சரி, ஆனது ஆச்சு" என்றான் அண்ணன். "அப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். என்ன?"

ஈக்காரி மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அன்னிக்கு அப்பா கண்ணுல கட்டோட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாவம்மா உங்க அண்ணன், ஞாயித்துக்கிழமைகூட மாடா உழைக்கிறான்'னு சொன்னாரு. நானும் ஆமாம்ப்பான்னேன். படமாவது நல்லா இருந்துச்சாண்ணா?"